மறைந்து நிற்கும் மொழிபெயர்ப்பு: பள்ளி ஆங்கில இலக்கியப் பாடம் பற்றிய ஒரு திறனாய்வு

1.0 முன்னுரை

இந்தியாவின் இடைநிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் 'மொழியும் இலக்கியமும்' என்னும் இணைப்பெயரால் வழங்கப்படுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பில் இவ்விரண்டும் ஒரே பாடத்துள் அடங்கும். ஐ.சி.எஸ்.இ. தேர்வில் மொழிக்கு ஒரு தாள், இலக்கியத்திற்கு ஒரு தாள் எனப் பிரிந்து நிற்கும். அமைப்பு எதுவாயினும் ஒன்று பொதுவானது: மாணவரின் தாய்மொழிக்கு வினாத்தாளில் இடமில்லை. பாடநூலில் அதற்கு இடம் தரப்பட்டாலும், மதிப்பெண் பெறாத ஓரப் பயிற்சியாகவே அது அமைகிறது. வகுப்பறையின் நிலையோ வேறு. பாடலின் ஓர் அடியை ஆசிரியர் ஆங்கிலத்தில் படிக்கிறார். அடுத்து அதன் பொருளைத் தமிழிலோ, இந்தியிலோ, வங்காளியிலோ சொல்கிறார். பின்னர் அதையே எளிய ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளச் செய்கிறார். நாட்டின் மிகப் பெரும்பான்மையான பள்ளிகளில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கப்படும் முறை இதுவே.

மொழிபெயர்ப்பு நிகழ்கிறது, நிகழ்வதாக ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. ஒப்புக்கொள்ளப்படாத ஒரு செயலைச் செம்மைப்படுத்தவும் இயலாது. தாய்மொழியை வெளிப்படையான ஆய்வுக் கருவியாக ஆக்கினாலன்றி, இலக்கியப் பாடம் பொழிப்புரைப் பாடமாகவே நின்றுவிடும் என்பதை மூன்று பாடங்களின் வாயிலாக நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2.0 தாய்மொழி விலக்கப்பட்ட வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் இலக்கணமும் மொழிபெயர்ப்புமாகவே கற்பிக்கப்பட்டது. அம்முறைக்கு எதிராக எழுந்த நேர்முறை, இலக்குமொழி ஒன்றையே வகுப்பில் வழங்கவேண்டும் என்றது. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களின் இருமொழி நிலையை ஆராய்ந்து 1926இல் நூல் வெளியிட்டார். அவர் வாசிப்புக்கு முதலிடம் தந்து, சொல்லளவு வரையறுக்கப்பட்ட வாசக நூல்களை உருவாக்கினார். 1958இல் ஐதராபாத்தில் மைய ஆங்கில நிறுவனம் தோன்றியது. அதனையடுத்த ஆண்டுகளில் அமைப்புமுறைப் பாடத்திட்டம் நாடெங்கும் பரவிற்று. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம், பொருளில் கவனம் ஊன்றினால் வடிவம் தானே படியும் என்னும் கொள்கையை முன்வைத்தது. அதன் பின்னர்க் கருத்துப் பரிமாற்ற முறை வந்தது.

இம்முறைகள் ஒன்றையொன்று மறுத்தபோதிலும், மொழிபெயர்ப்பைக் கற்பித்தற் கருவியாக ஏற்பதில் எதுவும் ஆர்வம் காட்டவில்லை. மாற்றுக் குரல் பிற்காலத்தில் எழுந்தது. பன்மொழி நிலையை வகுப்பறையின் வளமாகக் கொள்ளவேண்டும் என 1990களில் ஆர். கே. அக்னிஹோத்ரி வற்புறுத்தினார். 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் அக்கருத்தை ஏற்றது. கை குக் 2010இல் வெளியிட்ட நூல், மொழி கற்பித்தலில் மொழிபெயர்ப்புக்கு உரிய இடத்தை மீண்டும் கோரியது. எனினும் இவ்விவாதம் பெரும்பாலும் 'மொழி'யைச் சுற்றியே நிகழ்ந்தது. இணைப்பெயரின் மறுபாதியாகிய 'இலக்கியம்' பழைய நிலையிலேயே விடப்பட்டது.

3.0 கண்ணழித்தலும் அகலங்கூறலும்

வகுப்பறையில் நிகழ்வதை மதிப்பிடத் தமிழ் உரைமரபே ஓர் அளவுகோலைத் தருகிறது. இறையனார் களவியலுரை, உரையின் கூறுகளைக் கருத்துரைத்தல், கண்ணழித்தல், பொழிப்புத் திரட்டல், அகலங்கூறல் என நான்காகக் கூறும். கண்ணழித்தல் சொற்களைப் பிரித்துப் பொருள் காண்பது. பொழிப்பு அப்பொருளைத் திரட்டித் தருவது. அகலம் ஐயம் எழுப்பி, வினாவும் விடையுமாக விரிந்து, 'இச்சொல் இங்கு ஏன் நின்றது' என்பதை ஆராய்வது. உரையாசிரியர்களின் புலமை வெளிப்படும் இடம் அகலமே.

பள்ளி ஆங்கில வகுப்பு முதல் மூன்றோடு நின்றுவிடுகிறது. 'இப்பாடலின் மையக்கருத்து யாது' என்பது கருத்துரை, அருஞ்சொற்பொருள் கண்ணழிவு, தாய்மொழியில் சொல்லப்படுவது பொழிப்பு. தேர்வு வினாக்களும் பெரும்பாலும் இம்மூன்றனுள் அடங்குவதால் அகலத்திற்குத் தேவையே எழுவதில்லை. வீட்டில் ஆங்கிலம் வழங்கும் மாணவர் அகலத்தைத் தாமே ஓரளவு கண்டுகொள்வர். ஆங்கிலம் வழங்காத வீட்டிலிருந்து வருபவருக்குப் பொழிப்பே இலக்கியமாகிவிடுகிறது. மாணவரிடையே உள்ள ஏற்றத்தாழ்வு இவ்விடத்தில் பெருகுகிறது. தாய்மொழி வகுப்பில் இருக்கலாமா என்னும் வினாவைவிட, இருக்கும் தாய்மொழி பொழிப்புக்கு மட்டும் பயன்படுவதா, அகலத்திற்கும் பயன்படுவதா என்னும் வினாவே முதன்மையானது.

4.0 காகமும் மரமும்

2005ஆம் ஆண்டுச் சட்டகத்தை அடியொற்றி, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் பத்தாம் வகுப்புக்கு உருவாக்கிய 'ஃபர்ஸ்ட் ஃபிளைட்' என்னும் நூலில் ராபர்ட் ஃபிராஸ்டின் 'டஸ்ட் ஆஃப் ஸ்னோ' என்னும் எட்டடிப் பாடல் இடம்பெற்றது. மரத்திலிருந்த காகம் ஒன்று பனித்துகளைத் தன்மேல் உதிர்க்க, துயருற்றிருந்த ஒருவரின் மனநிலை மாறுவதே பாடலின் பொருள்.

இப்பாடலுக்கு வழிகாட்டி நூல்கள் தரும் விளக்கம் ஏறத்தாழ ஒன்றே: காகம் தீய நிமித்தம், ஹெம்லாக் நச்சுமரம், தீயவற்றிலிருந்தும் நன்மை பிறக்கும். இவ்விளக்கத்தில் இரு பிழைகள் உள்ளன. சாக்ரடீசின் மரணத்தோடு தொடர்புடைய ஹெம்லாக் ஐரோப்பியப் பூண்டுவகை. பனி தாங்கி நிற்கும் வட அமெரிக்க ஹெம்லாக், ஊசியிலை மர இனத்தைச் சார்ந்தது. அதில் அந்நஞ்சு இல்லை. பெயர் ஒன்றாக இருப்பது மயக்கத்திற்குக் காரணமாயிற்று. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இச்சொல்லைப் பெயர்க்க முனைந்தால், மரத்திற்கும் பூண்டுக்கும் ஒரே சொல்லை இடமுடியாமல் முதற்கணமே ஐயுறுவார். மொழிபெயர்க்க வேண்டிய தேவை எழாதபோது அவ்வையமும் எழுவதில்லை. சொல் ஒலிவடிவிலேயே கடந்துசெல்கிறது.

இரண்டாவது பிழை நுட்பமானது. காகம் தீய நிமித்தம் என்பதை இந்திய மாணவர் தம் வீட்டில் கற்றதில்லை. கற்றிருந்தாலும் அது ஒரு பாதியே. தமிழகத்தில் உண்ணுமுன் காகத்திற்குச் சோறு வைப்பர். காகம் கரைந்தால் விருந்து வரும் என்பர். அவ்வாறு கரைந்த காகத்தைப் பாடியதால் குறுந்தொகைப் புலவர் ஒருவருக்குக் காக்கைபாடினியார் என்னும் பெயரே அமைந்தது. வடநாட்டில் முன்னோர் வழிபாட்டு நாள்களில் காகத்திற்கு உணவிடுவர். சனிக்கு அது ஊர்தி. இவ்வாறு வாழ்த்தும் அச்சமும் கலந்த பறவையை அறிந்த மாணவர்முன், 'காகம் தீமைக் குறியீடு' என்னும் ஒற்றை வரி வைக்கப்படுகிறது. 'உங்கள் மொழியில் காகம் என்னவெல்லாம் செய்கிறது? இப்பாடலின் காகம் அவற்றுள் எதைப் போன்றது, எதைப் போன்றதன்று?' என்னும் வினா எழுந்தால், ஃபிராஸ்டின் காகத்திற்குத் தீமைப்பொருள் தேவையே இல்லை என்பதையும் மாணவர் கண்டுகொள்ளக்கூடும். தற்செயலான ஓர் அசைவு ஒரு நாளை மீட்டதே பாடலின் வியப்பு.

தொடரமைப்பிலும் இவ்வுண்மை விளங்கும். பாடல் முழுவதும் ஒரே வாக்கியம். முதல் நான்கடிகள் எழுவாயாகிய ஒரு நெடும் பெயர்த்தொடர். பயனிலை ஐந்தாம் அடியில் வருகிறது. ஆங்கிலத்தில் தலைப்பெயர் முதலில் நிற்க, காகம், பனி, மரம் என்பன அதன்பின் ஒவ்வொன்றாய்த் தோன்றும். தமிழ் பெயரெச்ச மொழி; அடைகள் யாவும் முன்வந்து, தலைப்பெயர் இறுதியில் நிற்கும். ஆகவே தமிழாக்கத்தில் மரம் முன்னே வர, 'விதம்' என்னும் சொல் கடைசியில் வந்து பயனிலையை முட்டும். இவ்வரிசை மாற்றத்தைத் தம் கையால் செய்து பார்த்த மாணவருக்கு, ஆங்கிலக் கவிஞர் வாக்கியத்தை ஏன் அவ்வளவு தாமதப்படுத்தினார் என்னும் வினா இயல்பாகவே தோன்றும்.

5.0 வள்ளி சொன்ன 'யூ'

அதே நூலின் உள்ளடக்கத்தை மொழிபெயர்ப்பாளரின் கண்கொண்டு நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். கடவுளுக்குக் கடிதம் எழுதும் உழவரின் கதை, மெக்சிகோ எழுத்தாளர் லோபஸ் இ ஃபுவெந்தஸ் ஸ்பானியத்தில் எழுதியது. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு டச்சு மொழியில் எழுந்தது. செகாவின் ஓரங்க நாடகம் ரஷ்யத்துக்குரியது. பேருந்தில் பயணம் செய்யும் சிறுமியின் கதை தமிழில் வல்லிக்கண்ணன் எழுதியது, கே. எஸ். சுந்தரத்தின் மொழிபெயர்ப்பு என்னும் குறிப்போடு அச்சாயிற்று. எனவே 'ஆங்கில இலக்கியம்' என்று பயிலப்படும் நூலின் ஒரு பெரும்பகுதி மொழிபெயர்ப்பு இலக்கியமே. வகுப்பறையின் வாய்மொழிப் பெயர்ப்பு மறைக்கப்படுவது போலவே, பாடத்தின் மொழிபெயர்ப்புத் தன்மையும் மறைந்து நிற்கிறது.

வல்லிக்கண்ணனின் கதையில் எட்டு வயதுச் சிறுமி வள்ளி, வாயிற்படியில் நின்று பேருந்தைப் பார்த்துப் பார்த்து ஆசை வளர்க்கிறாள். காசு சேர்த்து, முப்பது பைசாக் கட்டணத்தில் யாருக்கும் தெரியாமல் தனியே நகரம் சென்று மீள்கிறாள். நடத்துநர் அவளை வேடிக்கையாக 'மேடம்' என்று அழைக்கிறார். பக்கத்தில் வந்தமரும் முதியவள் அன்போடு விசாரிக்க, தன்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று வள்ளி வெட்டிப் பேசுகிறாள். தான் குழந்தையல்ல, மற்றவரைப் போலக் கட்டணம் கொடுத்தவள் என்பதே அவள் கட்சி.

ஆங்கிலத்தில் வள்ளி எல்லாரையும் 'யூ' என்றே விளிக்கிறாள்; எல்லாரும் அவளை 'யூ' என்றே விளிக்கின்றனர். இச்சொல் உறவு, வயது, மதிப்பு ஆகிய எதனையும் காட்டாது. தமிழில் இக்காட்சியைச் சொல்பவர் ஒவ்வொரு முறையும் 'நீ'யா 'நீங்க'ளா என்று முடிவு செய்தே ஆகவேண்டும். வள்ளி முதியவளிடம் 'நீ' என்று சொன்னால் அவள் துடுக்கானவள். 'நீங்க' என்று சொல்லி அதே செய்தியைச் சொன்னால் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் பெரிய மனுஷி. கதையின் உயிர் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. தில்லி மாணவர் இதனைத் 'தூ', 'தும்', 'ஆப்' என்னும் மூன்றனுள்ளும், கொல்கத்தா மாணவர் 'துய்', 'துமி', 'ஆப்னி' என்னும் மூன்றனுள்ளும் தேடவேண்டும். மூலத்தில் எந்த வடிவம் உள்ளது என்பது ஒருபுறமிருக்க, எது பொருந்தும் என்று வாதிடும்போது மாணவர் செய்வது பாத்திரப் படைப்பின் ஆய்வு. 'வள்ளியின் குணநலன்களை எழுதுக' என்னும் வழக்கமான வினாவுக்குக் குறிப்பேட்டு விடை 'துணிவு, சிக்கனம், சுயமரியாதை' என்று மூன்று சொற்களைத் தரும். அச்சுயமரியாதை எந்தச் சொல்லில் வாழ்கிறது என்பதைக் குறிப்பேடு காட்டாது.

'மேடம்' என்னும் விளியும் அத்தகையதே. தமிழில் 'அம்மா' மதிப்புக்குரிய பெண்ணையும் விளிக்கும். செல்லமாகச் சிறுமியையும் விளிக்கும். ஆங்கிலச் சொல்லில் மதிப்பு மட்டுமே உண்டு. கேலி சூழலிலிருந்து பிறக்கிறது. முதியவளின் காதுமடலிலுள்ள பெருந்துளைகளையும் அவற்றில் தொங்கும் அணியையும் ஆங்கிலம் விவரித்துக் காட்ட, தென்மாவட்டத்துப் படிப்பாளர் 'பாம்படம்' என்னும் ஒரே சொல்லால் அவளை அடையாளம் காண்பார். விவரணை யாருக்குத் தேவை, பெயர் யாருக்குப் போதும் என்பது மொழிபெயர்ப்பியலின் அடிப்படை வினா. அவ்வினாவைப் பதினைந்து வயதில் எழுப்பவல்ல பாடம் ஏற்கெனவே நூலில் இருக்கிறது.

6.0 ஷைலாக்கின் மூவிடப்பெயர்

ஐ.சி.எஸ்.இ. இலக்கியத் தாளில் நெடுங்காலம் பாடமாக இருந்த நாடகம் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்'. இந்நாடகம் இந்திய மொழிகளுக்குப் புதிதன்று. வங்காளியில் ஹரச்சந்திர கோஷ் 1850களிலேயே இதனைத் தழுவி எழுதினார். இந்தியில் பாரதேந்து ஹரிச்சந்திரர் 'துர்லப் பந்து' என ஆக்கினார். தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் 'வாணிபுர வணிகன்' ஆக்கினார். இவற்றுள் எதுவும் ஆங்கில வகுப்பின் வாசலைக் கண்டதில்லை.

ஷேக்ஸ்பியர் கால ஆங்கிலத்தில் ஒருமை முன்னிலைக்கு 'தௌ', 'யூ' என இரு சொற்கள் இருந்தன. நெருக்கம், சினம், இழிவு, மேலோர் கீழோரை விளித்தல் ஆகியவற்றுக்குத் 'தௌ' வழங்கிற்று. மதிப்புக்கும் விலகலுக்கும் 'யூ' வழங்கிற்று. இன்றைய பொது ஆங்கிலம் முன்னதை இழந்தது. பள்ளிப் பதிப்புகளின் அடிக்குறிப்பு, 'தௌ என்றால் யூ' என்று ஒரு சமன்பாட்டைத் தருகிறது. அச்சமன்பாடு நாடகத்தின் ஓர் இழையையே அறுத்துவிடுகிறது.

முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியில், அந்தோணியோ தன்னை இழித்ததையும் தன்மேல் உமிழ்ந்ததையும் ஷைலாக் எடுத்துரைக்கிறான். அவ்வளவு இழிவையும் அவன் 'யூ' என்னும் மதிப்புச் சொல்லோடே சொல்கிறான். கடன் கேட்க வந்த அந்தோணியோவோ 'தௌ' என்று மறுமொழி தந்து, இனியும் அவ்வாறே செய்வேன் என்கிறான். மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் அந்தோணியோ சிறைக்காவலரோடு நிற்கிறான்; அவனிடம் பேசும் ஷைலாக் இப்போது 'தௌ' என்கிறான். பணம் கொடுத்தவனும் பெற்றவனும் இடம் மாறியதை ஒரு மூவிடப்பெயர் அறிவிக்கிறது. இதனை இன்றைய ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழில் 'நீங்கள்' 'நீ' ஆயிற்று என்று சொன்னால் போதும். ஆங்கிலேய மாணவர் தம் மொழியில் இழந்துவிட்ட கருவி, இந்திய மாணவரின் நாவில் நாள்தோறும் வழங்குகிறது. அதனை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரச் சொல்வது கல்வியியல் நோக்கில் பொருளற்றது.

மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சியில், யூதரும் மற்றவரைப் போன்ற உடலும் உணர்வும் உடையவரே என்று ஷைலாக் வாதிடும் புகழ்பெற்ற உரை வருகிறது. ஆங்கிலத் தன்மைப் பன்மைக்கு ஒரே வடிவம். தமிழில் முன்னிலையாரை உள்ளடக்கும் உளப்பாட்டுப் பன்மை 'நாம்'. விலக்கும் பன்மை 'நாங்கள்'. ஷைலாக் எதைச் சொல்வான்? எதிரே நிற்பவர் கிறித்தவர். ஆகவே இலக்கணம் 'நாங்கள்' என்கிறது. அவன் வாதமோ இருசாராரும் ஒன்றே என்பது. அது 'நாம்' என்பதை நோக்கி நகர்கிறது. இலக்கணம் பிரிக்க, வாதம் இணைக்க முயல, உரையின் முடிவில் பழிவாங்கலிலும் நாங்கள் உங்களைப் போன்றவர்களே என்று அவ்விணைப்பு நஞ்சாகிறது. 'நாம்' என்று சொல்லமுடியாத ஒருவனின் துயரமே அவ்வுரை என்று தமிழ் மாணவர் எழுதினால், அது எந்த மொழியிலும் மதிக்கத்தக்க திறனாய்வு. தெலுங்கு, மலையாள, மராத்தி, குஜராத்தி மாணவர்க்கும் இவ்வேறுபாடு தம் மொழியில் உண்டு. இந்தி மாணவர்க்கு 'ஹம்' ஒன்றே. தம் மொழி இதனை ஏன் காட்டவில்லை என்பதே அவர்க்குரிய வினா.

7.0 தடைகளும் விடைகளும்

இக்கருத்துக்கு எதிராக எழக்கூடிய தடைகள் மூன்று. முதலாவது, பெங்களூர், தில்லி போன்ற நகரங்களில் ஒரு வகுப்பில் பல தாய்மொழியினர் இருப்பர். ஆசிரியர் அனைத்தையும் அறியார். இங்கு வேண்டப்படுவது ஆசிரியர் மொழிபெயர்த்துச் சொல்வதன்று. அது பழைய பொழிப்பே. மாணவர் தம் மொழியின் வடிவத்தைக் கூறி, அதனைத் தேர்ந்த காரணத்தை ஆங்கிலத்தில் விளக்கவேண்டும். அறியாத மொழியைப் பற்றி ஆசிரியர் கேட்கும் வினா உண்மையான வினாவாதலின், விடையும் உண்மையான உரையாடலாகும். மொழிபெயர்ப்பு ஆங்கிலப் பேச்சைக் குறைக்கும் என்னும் அச்சம் இங்குப் பொருந்தாது. பேசுவதற்குப் பொருளைத் தருவதே அது.

இரண்டாவது, தேர்வு முறை. விடைத்தாள் திருத்துவோர்க்குப் பல மொழி தெரியாது என்பது உண்மை. எனினும் 'இவ்விளியைப் பெயர்க்கும்போது உங்கள் மொழியில் எழும் சிக்கல் யாது' என்னும் வினாவுக்கு ஆங்கிலத்தில் எழுதப்படும் விடையை, அதன் தருக்கத்தைக் கொண்டு மதிப்பிட இயலும்.

மூன்றாவது தடை கனமானது. வகுப்பில் 'தாய்மொழி' என்று வழங்குவது பலருக்குத் தாய்மொழியன்று. ஜார்க்கண்டின் சந்தாலி மாணவருக்கு இந்தியும் கற்ற மொழியே. தாய்மொழி வழி என்பது மாநில மொழி வழி என்று சுருங்கினால், ஒரு விலக்குக்குப் பதில் மற்றொரு விலக்கு நிகழும். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. சந்தாலியில் உளப்பாட்டுப் பன்மையும் விலக்குப் பன்மையும் வேறு. இருமைக்கும் தனி வடிவங்கள் உண்டு. ஷைலாக்கின் உரையை ஆராய அம்மாணவரிடம் உள்ள கருவி, ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ளதைவிட நுட்பமானது. வகுப்பில் மிகப் பின்தங்கியவர் எனக் கருதப்படுபவர், ஒரு நாளேனும் மற்றவர்க்குக் காட்டித் தரக்கூடியவராகிறார்.

மூவிடப்பெயரும் தொடரமைப்பும் மட்டுமே இலக்கியமாகா என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஒலிநயம், யாப்பு ஆகியவற்றை ஒப்புமையால் ஓரளவே எட்டமுடியும். அவற்றை மூலத்தை வாய்விட்டுப் படித்தே உணரவேண்டும்.

8.0 முடிவுரை

தொல்காப்பிய மரபியல் மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளுள் ஒன்றாக வைத்தது. பெயர்ப்பது நூல் செய்வதற்கு ஒப்பான செயல் என்பது அதன் உட்கிடை. அத்தகைய செயல் இன்றைய ஆங்கில வகுப்பில் அரைக்குரலில், பிறர் காதில் விழாதபடி நிகழ்கிறது. இதனை வெளிக்கொணர மூன்று பணிகள் உடனடித் தேவை. பாடநூலில் மொழிபெயர்ப்புப் பாடங்கள் அவ்வாறே சுட்டப்பட்டு, மூலமொழி பற்றிய வினாக்களும் இடம்பெறவேண்டும். ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இந்திய மொழிகளின் மூவிடப்பெயர், மரியாதை வழக்கு, எச்சத் தொடர் ஆகியன பற்றிய ஒப்பாய்வு ஒரு பகுதியாகவேண்டும். வெனிஸ் வணிகனைப் போன்ற பாடங்களுக்கு இந்திய மொழித் தழுவல்களின் காட்சிகளைத் தொகுத்த துணைநூல்களை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து உருவாக்கவேண்டும். இம்மூன்றும் பெரும்பொருட்செலவு வேண்டாதவை. வள்ளி அந்த முதியவளிடம் 'நீ' என்றாளா, 'நீங்க' என்றாளா என்று ஒரு வகுப்பு அரைமணி நேரம் வாதிடுமாயின், அன்று அங்கு நடந்தது ஆங்கில இலக்கியப் பாடமே.